இரவு பத்து மணிக்கு அவரோடு பேச யார் இருக்கிறார்கள்?

கேள்வி: என் அண்ணனுக்கு 57 வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. அம்மா இருந்தவரை அண்ணனுக்கு எல்லாமே அம்மாதான். போன வருடம் அம்மா தவறிவிட்டார். எங்களுடையது சின்ன வாடகை வீடு, மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். வேறு வழி தெரியாமல் ஏழு மாதத்துக்கு முன் திருச்சி பக்கத்தில் காது கேளாத பெரியவர்களுக்கான ஓர் இல்லத்தில் சேர்த்தேன். இடம் சுத்தமாக இருக்கிறது. மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன். எப்போது கேட்டாலும் “நல்லா இருக்கார்மா” என்கிறார்கள். ஆனால் ஆள் இளைத்துவிட்டார். முன்பெல்லாம் கை ஓயாமல் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார், இப்போது கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். நான் கிளம்பும்போது என் பையைப் பிடித்துக்கொள்கிறார். அதிகாரிகள் போன மாதம்தான் ஆய்வு செய்து, குறை எதுவும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனதாக வார்டன் சொல்கிறார். அதை நம்பலாமா? நான் என்னென்ன பார்க்க வேண்டும்? அண்ணனை அங்கே சேர்த்தது தப்பா?
வாசகி ஒருவர், தஞ்சாவூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

ஆள் இளைத்துவிட்டார் என்பதைவிட, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. எடை குறைய சர்க்கரை, பல்வலி, சாப்பாடு ஒத்துக்கொள்ளாதது என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். மருத்துவரிடம் காட்டினால் தெரிந்துவிடும். ஆனால் ஆயுசு முழுக்கக் கையால் பேசிய மனிதர் பேச்சை நிறுத்திவிட்டார் என்றால், அவர் பேசுவதைப் பார்த்துப் புரிந்துகொள்ள அங்கே ஆள் இல்லையோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் இல்லங்களை ஆய்வு செய்யும் குழுக்களோடு சமூகப் பணியாளராக 20 வருடத்துக்கும் மேல் போய் வந்திருக்கிறேன். வார்டன் உங்களிடம் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ஆய்வு நடந்திருக்கும், குறை இல்லை என்றும் எழுதியிருப்பார்கள். எதைப் பார்த்தார்கள், யாரிடம் கேட்டார்கள், யார் மூலமாகக் கேட்டார்கள் என்பது தெரியாத வரை அந்த ஒரு வரியை வைத்து நீங்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பதிவுச் சான்றிதழ் வாங்காமல் இப்படி ஓர் இல்லத்தை யாரும் நடத்தக் கூடாது என்கிறது. சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் மாட்டியிருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது முதலில் அதைத் தேடுங்கள். எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். “புதுப்பிக்கக் கொடுத்திருக்கோம்” என்றால் விண்ணப்பத்தின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, தயங்க வேண்டாம்.

ஆய்வுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கண்ணில் படுவதைத்தான் பார்ப்பார்கள். ஆளுக்கொரு கட்டில் இருக்கிறதா, கழிப்பறை போதுமா, தண்ணீர்த் தொட்டி கழுவினார்களா, சமையலறை எப்படி, மருந்துப் பதிவேடு, பணியாளர் வருகைப் பதிவேடு, தீயணைப்பான் காலாவதி ஆகிவிட்டதா. எல்லாமே தேவையானவைதான், அரை நாளில் முடித்துவிடலாம். பதிவேட்டில் அகப்படாத ஒன்று உண்டு. அதை ஓர் இடத்தில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

சில வருடத்துக்கு முன்னால் ஓர் இல்லத்துக்குப் போயிருந்தோம். தரை பளபளவென்று இருந்தது. பதிவேடுகளெல்லாம் பிரவுன் அட்டை போட்டு, தலைப்பு எழுதி, மேசை மேல் தயாராக இருந்தன. வார்டன் பல வருடமாக அங்கேயே இருப்பவர், நல்ல மனிதர். நாங்கள் கேட்பதை அவரே சைகையில் கேட்டு, பதிலையும் அவரே சொல்லிக்கொண்டு வந்தார். சுவரோரமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், 60 வயது இருக்கும். “சாப்பாடு எப்படி இருக்குன்னு கேளுங்க” என்றேன். வார்டன் விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், கட்டைவிரலை உயர்த்தி, புருவத்தைத் தூக்கினார். பெரியவர் பதில் சொல்லத் தொடங்கினார். கன்னத்தைத் தொட்டார், எதையோ பிய்த்துக் காட்டினார், தட்டைத் தள்ளுவதுபோலச் செய்தார், மூன்று விரலைக் காட்டினார், மறுபடி கன்னத்தைத் தொட்டார். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். வார்டன் என் பக்கம் திரும்பி, “நல்லா இருக்குங்கிறார் மேடம்” என்றார்.

அன்று எங்களோடு சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்திருந்தார், அந்த நேரம் மாடியைப் பார்க்கப் போயிருந்தார். அவரைக் கூப்பிட்டு, வார்டனைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அதே கேள்வியை மறுபடி கேட்டோம். கடைவாய்ப் பல் மூன்று மாதமாக வலிக்கிறது. சப்பாத்தியைக் கடிக்க முடியவில்லை. சாதத்தைக் குழைத்துத் தரச் சொன்னால் யாருக்கும் புரியவில்லை. தட்டைத் தள்ளினால் திமிர் என்று நினைத்துக் கோபப்படுகிறார்கள். இவ்வளவையும்தான் அவர் சொல்லியிருக்கிறார். நான் பதிவேட்டைப் புரட்டினேன். அவர் பெயருக்கு நேரே ஐந்து இடத்தில் “சாப்பிட அடம்” என்று எழுதியிருந்தது. நீல மையில், அழகான கையெழுத்தில்.

அந்த வார்டன் எதையும் மறைக்கவில்லை. சாப்பிடு, குளி, படு, வா, போ என்பதற்கு மேல் அவருக்குச் சைகை தெரியாது, அவ்வளவுதான். வேலை வாங்க அது போதும். ஒருவர் தன் வலியைச் சொல்லும்போது புரிந்துகொள்ள அது எந்த மூலைக்கும் காணாது. அன்றிலிருந்து, இல்லத்தைச் சேர்ந்த யாரும் எங்களுக்கும் அங்கே தங்கியிருப்பவர்களுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக இருக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நல்லவராக இருந்தாலும் கூடாது. யாரைப் பற்றிக் குறை சொல்ல வேண்டியிருக்கிறதோ அவரையே வாயாக வைத்து ஒருவர் எப்படிப் பேசுவார்?

சைகை தெரியாமல் போனதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1880இல் இத்தாலியில் மிலான் நகரத்தில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, வகுப்பில் சைகை வேண்டாம், உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பழக்குவதே சரி என்று தீர்மானம் போட்டது. அதன் தாக்கம் நம் ஊர் வரைக்கும் வந்தது. பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளி வந்துவிட்டது. அவ்வளவு நீண்ட வரலாறு நமக்கு இருந்தும், உங்கள் அண்ணன் வயதுக்காரர்கள் பலர் வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான். விடுதியில், விளையாடுகிற இடத்தில், ஒருவரிடமிருந்து ஒருவர் சைகை கற்றார்கள். இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் டெல்லியில் தொடங்கியதே 2015இல்தான். அதன் அகராதி 10,000 சொல்லை எட்டியது 2021இல். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் இன்னும் மிகக் குறைவு. இந்த நிலைமையில் ஒரு இல்லம் சம்பளத்துக்கு ஆள் பிடிக்கும்போது சைகை தெரியுமா என்று கேட்பதில்லை, இரவுப் பணிக்கு வருவாயா என்றுதான் கேட்கிறது.

உங்கள் அண்ணன் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஐந்தாவதோடு நின்றவர் என்பதால், மற்றவர்கள் அங்கே பேசும் சைகை மொழி அவருக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும். அவருக்குத் தெரிந்தது அம்மாவுக்கும் அவருக்கும் நடுவே 50 வருடமாக வளர்ந்த வீட்டுச் சைகை. மூக்குத்தி இடத்தைத் தொட்டால் யார், டம்ளரை ஆற்றுவதுபோலக் காட்டினால் காபி வேண்டும் என்கிறாரா, சாயங்காலம் ஆகிவிட்டதா என்று கேட்கிறாரா, இதெல்லாம் அம்மாவுக்கு மட்டுமே முழுதாகத் தெரியும். அம்மாவோடு அந்த மொழியும் பாதி போய்விட்டது. மீதிப் பாதி உங்களிடம் இருக்கிறது சகோதரி. உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை.

அதனால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். அண்ணனை இரண்டு நாள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். அவரோடு பேசும்போது உங்கள் போனில் வீடியோ எடுங்கள். ஒரு சைகைக்கு ஐந்து நொடி போதும். வலி, எங்கே வலி, பசி, வயிறு சரியில்லை, பயம், கோபம், கழிப்பறை, குளிர், வீட்டில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவரும், கோயில், பஸ், பணம், நாளைக்கு, அப்புறம். ஐம்பது அறுபது சைகை சேர்ந்தால் போதும். அதை இல்லத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நோட்டிலும் எழுதி அவர் கட்டில் பக்கத்தில் வையுங்கள். புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தாலும் அந்த நோட்டு அங்கே இருக்கும். நான் பார்த்த இல்லங்களில் இப்படி ஒரு நோட்டோடு வந்து சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. அவர்கள் மற்றவர்களைவிட சீக்கிரம் பழகிவிட்டார்கள்.

வீட்டில் இருக்கும் அந்த இரண்டு நாளில் உடம்பையும் பாருங்கள். முதுகு, முழங்கை, இடுப்பு, தொடையில் காயமோ தழும்போ இருக்கிறதா என்று பாருங்கள். பல், காது, நகம் எல்லாவற்றையும் கவனியுங்கள். எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே கண்ணையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இதை நான் அழுத்தியே சொல்கிறேன். நமக்குக் கண்புரை வந்தால் பேப்பர் படிக்க முடியாது. காது கேளாதவருக்குக் கண்புரை வந்தால் எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்றே தெரியாது. வயதான காது கேளாதவர்கள் ஒதுங்கி உட்கார ஆரம்பித்ததும் மூளை மங்கிவிட்டது, மனநோய் என்று எழுதிவிடுகிறார்கள். பார்வையைச் சோதித்தால் இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சை முடிந்த பிறகு அதே ஆள் சிரித்துப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். பொழுது சாய்ந்த பிறகு மட்டும் அவர் தடுமாறினால், சைகையைத் தவறவிட்டால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிறவியிலேயே காது கேளாத சிலருக்கு விழித்திரையும் மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டே வரும் அஷர் என்ற மரபு நோய் உண்டு. பெரும்பாலும் சிறு வயதில் அல்லது இளவயதிலேயே இருட்டில் பார்வை மங்குவதில்தான் அது தொடங்கும், ஆனால் யாரும் கவனிக்காமல் விட்டிருக்கலாம்.

அடுத்து இல்லத்துக்குப் போகும் நேரத்தை மாற்றுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை 11 மணிக்கு வருவீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு தடவை சொல்லாமல் சாயங்காலம் ஏழு மணிக்குப் போங்கள், சாப்பாட்டு நேரத்தில். போனதும் அலுவலக அறையில் உட்காராதீர்கள். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஐந்து நிமிடம் நின்று கைகளைப் பாருங்கள். தங்கியிருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களா? பரிமாறுகிறவர் கை அசைகிறதா, அல்லது தட்டில் போட்டுவிட்டு நகர்கிறாரா? ஒருவரைக் கூப்பிட அவர் கண்ணில் படும்படி எதிரே வந்து கையை அசைக்கிறார்களா, முதுகில் தட்டுகிறார்களா, சட்டையைப் பிடித்து இழுக்கிறார்களா? ஒரு பணியாளர் உள்ளே வந்ததும் எல்லோரும் முகத்தை நிமிர்த்தி அவரைப் பார்த்தால் அங்கே பேச்சு இருக்கிறது என்று அர்த்தம். தலையைக் குனிந்துகொண்டால், நீங்கள் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை, அங்கே பயம் இருக்கிறது.

அப்புறம் இரவில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நான் எந்த இல்லத்துக்குப் போனாலும் விடாமல் கேட்பது இதைத்தான். பகலில் சைகை தெரிந்த ஓர் ஆசிரியர் வந்து போவார், அவரை முன்னால் நிறுத்துவார்கள். இரவு பத்து மணிக்கு அங்கே இருப்பது வாட்ச்மேனும் ஓர் உதவியாளரும்தான். நெஞ்சு வலிப்பதும், வயிற்றுப்போக்கு வருவதும், கெட்ட கனவு கண்டு எழுந்து உட்காருவதும் அந்த நேரத்தில்தானே. அந்த இரண்டு பேரையும் பாருங்கள். “எங்க அண்ணன்கிட்ட ‘எங்கே வலிக்குது’ன்னு எப்படிக் கேப்பீங்க, கொஞ்சம் காட்டுங்களேன்” என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள். “ஆஸ்பத்திரி போகலாம்”, “நெருப்பு, எழுந்து வா”, “தங்கச்சி ஞாயித்துக்கிழமை வருவாங்க” இதெல்லாமும் கேட்டுப் பாருங்கள். கடைசியாக, மற்றவர்கள் அண்ணனுக்கு என்ன சைகைப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். காது கேளாதவர்கள் சேர்ந்து வாழும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு பெயர் இருக்கும், நெற்றித் தழும்பையோ மீசையையோ நடையையோ வைத்து. ஏழு மாதமாகியும் உங்கள் அண்ணனுக்குப் பெயர் கிடைக்கவில்லை என்றால், அந்தக் கூட்டத்தில் அவரை யாரும் இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை.

இரவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். கரண்ட் போனால் நமக்கு ஃபேன் நிற்கும், அவ்வளவுதான். அவர்களுக்குப் பேச்சே நின்றுவிடும். இருட்டில் கை தெரியாதே. படுக்கும் கூடத்திலும் கழிப்பறைக்குப் போகும் வழியிலும் எமர்ஜென்சி விளக்கு இருக்கிறதா, அதற்குச் சார்ஜ் இருக்கிறதா என்று சுவிட்சை அணைத்தே பாருங்கள். தீ அலாரம் சத்தம் மட்டும் போட்டால் அது வாட்ச்மேனுக்கு மட்டுமான அலாரம். பளிச் பளிச்சென்று மின்னும் விளக்கு வேண்டும், தூங்குகிறவருக்குத் தலையணைக்கு அடியில் அதிரும் கருவி வேண்டும். அது இல்லாவிட்டால், இரவில் ஒவ்வொருவரையும் யார் தொட்டு எழுப்புவது என்று பெயர் போட்டு எழுதி, ஒத்திகையும் பார்த்திருக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் போனவர்கள் அவர்கள். உங்கள் அண்ணன் கூடத்துக் கதவை இரவில் வெளியிலிருந்து பூட்டுகிறார்களா என்று நேராகவே கேளுங்கள். “வெளியே போயிடுவாங்கன்னு பூட்டுறோம்” என்றால் சாவி யாரிடம், அவர் எங்கே படுக்கிறார் என்று கேளுங்கள். அந்தப் பூட்டை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை.

மருந்துப் பதிவேட்டையும் பார்க்கக் கேளுங்கள். தூக்க மாத்திரையோ மனநல மாத்திரையோ கொடுக்கிறார்கள் என்றால் எந்த மருத்துவர், எதற்காக எழுதினார், அவர் உங்கள் அண்ணனோடு யாரை வைத்துப் பேசினார் என்பது தெரிய வேண்டும். சைகையில் பேசுகிறவர் வேகமாகக் கையை வீசுவார், முகத்தைச் சுளிப்பார், தொண்டையில் சத்தம் வரும். பழக்கம் இல்லாதவருக்கு அது சண்டைபோல இருக்கும். முரடு என்று எழுதி மாத்திரை கொடுத்துவிட்டால், கை மடியில் கிடக்கும். உங்கள் அண்ணனுக்கு அப்படி நடந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏழு மாதத்தில் ஆள் இப்படி மாறியிருக்கும்போது இதைப் பார்க்காமல் விடக் கூடாது.

பணத்துக்கு ஒரே வார்த்தைதான்: உதவித்தொகை வந்தால் வங்கிப் புத்தகமும் ஏடிஎம் அட்டையும் யாரிடம் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். போன் விஷயம் அதைவிடப் பெரியது. காது கேளாதவருக்கு வீடியோ கால் வந்த பிறகுதான் தூரத்தில் இருப்பவரோடு பேசவே முடிந்தது. “ராத்திரி பூரா போனைப் பார்க்கிறாங்க, ஒழுங்கு கெடுது” என்று சொல்லிப் பிடுங்கிவைக்கிற இல்லங்கள் இருக்கின்றன. அது வாயைப் பொத்துகிற வேலை. அண்ணனுக்கு எளிமையான ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுங்கள், உங்கள் படத்தைத் தொட்டால் உங்களுக்குக் கால் வரும்படி வைத்துக் கொடுங்கள். அது அவர் கையிலேயே இருக்க வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

எல்லா இடமும் இப்படித்தான் என்று நீங்கள் பயந்துவிடக் கூடாது. கட்டடம் பழசு, சுவரில் ஈரம், கட்டிலெல்லாம் துருப்பிடித்தது, அப்படி ஓர் இல்லத்தில் சமையல் செய்யும் அம்மா ஒருவரைப் பார்த்தேன். படிப்பு அதிகம் இல்லை. சாம்பார்க் கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருவரிடம் சர்க்கரை அளவைக் கேட்டார், ஒருவர் தலையில் எண்ணெய் வைக்கவில்லை என்று திட்டினார், ஒருவர் சொன்ன எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார். “எங்கே கத்துக்கிட்டீங்க?” என்றேன். “இவங்ககிட்டதாங்க, வேற யாரு சொல்லித் தருவாங்க?” என்றார். அந்த இல்லத்துக்கு நாங்கள் ஏகப்பட்ட குறை எழுதினோம், கட்டடத்தைச் சரிசெய்ய அவகாசம் கொடுத்தோம். ஆனால் என் சொந்தக்காரர் ஒருவரை விட வேண்டும் என்றால் அங்கேதான் விடுவேன்.

இனி, ஆய்வறிக்கை. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட இல்லங்களை ஆய்வு செய்யும் ஆணையம், பாதுகாப்பு, பலன், பரிவு, தேவைக்கேற்ற கவனிப்பு, நிர்வாகம் என்று ஐந்து கேள்வி வைத்து, தரம் போட்டு, அறிக்கையை யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கும்படி வெளியிடுகிறது. நம் ஊரில் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். கடைசி ஆய்வு எந்தத் தேதியில் நடந்தது, முன்கூட்டியே தெரிவித்தார்களா, சைகை மொழிபெயர்ப்பாளர் உடன் வந்தாரா, தங்கியிருப்பவர்கள் எத்தனை பேரிடம் தனியாகப் பேசினார்கள் என்று கேட்டு, அறிக்கையின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வரவில்லை என்று பதில் வந்தால், மொழிபெயர்ப்பாளரோடு மறு ஆய்வு செய்யுங்கள் என்று நல அலுவலருக்கும் ஆட்சியருக்கும் எழுதுங்கள். வீட்டுச் சைகை பேசுகிறவர் என்பதால், காது கேளாத ஒருவரையும் கூட அழைத்து வரச் சொல்லுங்கள். காது கேட்கிற மொழிபெயர்ப்பாளருக்குப் புரியாதது பல சமயம் அவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். உங்கள் மாவட்டத்துக் காது கேளாதோர் சங்கத்தில் கேட்டால் ஆள் கிடைப்பார்.

அடித்தார்கள், பட்டினி போட்டார்கள், பூட்டிவைத்தார்கள் என்று தெரிந்தால் மனுவெல்லாம் எழுதிக்கொண்டு காத்திருக்காதீர்கள். அதே 2016 சட்டத்தின் 7ஆவது பிரிவில், கொடுமை நடப்பதாக நம்பக் காரணம் உள்ள யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் சொல்லலாம். உங்களுக்கு அவர் வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர். அவரிடமும் காவல் நிலையத்திலும் அன்றே சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் ஒரு பிரதி போகட்டும். பேச்சு வராதவர் சொல்வது சாட்சியாகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சைகையில் சொல்வதை நீதிமன்றம் வாய்ச் சாட்சியாகவே எடுத்துக்கொள்ளும், மொழிபெயர்ப்பாளரை வைத்து வீடியோவில் பதிவும் செய்யும்.

அவ்வளவு தூரம் போகாத விஷயம் என்றால் முதலில் வார்டனிடமே பேசுங்கள். குறைந்த சம்பளத்தில், ஆள் பற்றாமல், அவர்களும் அல்லாடுகிறார்கள். “எங்க அண்ணன் பேசறதை நிறுத்திட்டார், சேர்ந்து ஏதாவது செய்யலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்க்கிறாரா, மேசையில் போட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போகிறாரா என்பதிலேயே உங்களுக்குப் பாதி தெரிந்துவிடும்.

சேர்த்தது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். படுத்த படுக்கையாக ஒருவரை வைத்துக்கொண்டு, வாடகை வீட்டில், நீங்கள் வேறு என்ன செய்திருக்க முடியும்? தப்பில்லை. சைகை பேசுகிற நாலு பேர் நடுவில் இருப்பது, பேச யாருமில்லாத வீட்டில் தனியாக டிவி பார்த்துக்கொண்டிருப்பதைவிட அவருக்கு நல்லதாகக்கூட ஆகலாம். அதை அவரிடமே கேட்க வேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன், மனசு சங்கடப்படாதீர்கள். அம்மா இறந்ததை அண்ணன் பார்த்தார், சடங்கில் நின்றார். அதற்குப் பிறகு ஒருநாள் அவரைக் காரிலோ பஸ்ஸிலோ ஏற்றி ஓர் இடத்தில் விட்டுவிட்டு நீங்கள் திரும்பி வந்துவிட்டீர்கள். இது எதற்காக, எத்தனை நாளைக்கு, நீ மறுபடி எப்போது வருவாய் என்று அவருக்கு யாராவது புரியும்படி சொன்னார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நீங்கள் கிளம்பும்போது அவர் பையைப் பிடித்துக்கொள்வது அதைக் கேட்கத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

காது கேளாத ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அம்மாவின் போட்டோ, உங்கள் வீட்டு போட்டோ, மாமியார் படுத்திருக்கிற கட்டில், எல்லாவற்றையும் காட்டி ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லுங்கள். அவர் அழுவார், கோபப்படுவார். அவர் சொல்வதை முழுக்கப் பாருங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். அப்புறம் பெரிய எண்ணாகப் போட்ட தினசரி காலண்டர் ஒன்றை வாங்கிப் போய் அவர் கட்டிலுக்கு மேலே மாட்டுங்கள். நீங்கள் அடுத்து வரும் தேதியை அவர் கையாலேயே வட்டம் போடச் சொல்லுங்கள். தினமும் ஒரு தாளை அவரே கிழிக்கட்டும். அந்தத் தேதிக்கு எப்படியாவது போய்விடுங்கள். முடியாமல் போனால் அன்று காலையிலேயே வீடியோ காலில் முகத்தைக் காட்டி, புதுத் தேதியைச் சொல்லிவிடுங்கள்.